யாழ்ப்பாணத்தில் புற்றுநோயைக் கடந்தவர்களுக்கு ஒரு டிராகன் படகுக் கழகம்: காசு சேர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர்களுக்காகப் படகுக் கழகம் தொடங்கப் போகிறோம் என்று யாழ்ப்பாணத்தில் யாரிடம் சொன்னாலும் முதலில் கேட்பது, "படகு என்ன விலை?" உண்மையில் படகுக்குக் காசு சேர்ப்பதுதான் இதில் லேசான வேலை. எங்கள் ஆட்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்குக் கொடுக்கப் பிடிக்கும். அதில் பெயரும் எழுதலாம். ஓட்டோக் காசு, படகோட்டிக்குச் சம்பளம், காலைத் தேத்தண்ணி, காப்புறுதி ஆகியவற்றில் யாருடைய பெயரையும் எழுத முடியாது. கழகங்கள் படுப்பதும் அங்கேதான். ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும். நடத்துகிற செலவு முதலில், படகு கடைசியில்.

டிராகன் படகைப் பார்த்திராதவர்களுக்கு: நீண்ட ஒடுங்கிய படகு, இருவர் இருவராக 20 பேர் துடுப்பு வலிப்பார்கள், முன்னால் ஒருவர் மேளம் அடிப்பார், பின்னால் ஒருவர் சுக்கான் பிடிப்பார். 10 பேருக்கான சின்னப் படகும் உண்டு. சீனாவில் பிறந்த இந்த விளையாட்டைப் புற்றுநோயோடு இணைத்தவர் கனடாவின் வன்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மருத்துவராக இருந்த டொன் மெக்கென்சி. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை அகற்றிய பெண்கள் கையால் பாரமான வேலை செய்தால் கை வீங்கிவிடும் என்று அந்தக் காலத்தில் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் 1996இல் மார்பகப் புற்றுநோயைக் கடந்த 24 பெண்களைப் படிப்படியாகப் பயிற்றிப் படகில் ஏற்றினார். ஒருவருக்கும் புதிதாகக் கைவீக்கம் வரவில்லை. 1998இல் அதைக் கனடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். இன்று 30க்கு மேற்பட்ட நாடுகளில் இப்படியான அணிகள் இருக்கின்றன. காசு கேட்டு எழுதும் கடிதத்தில் இந்தக் கதைக்கு ஒரு பந்தி ஒதுக்குங்கள். "வருத்தக்காரரைக் கொண்டுபோய்க் கடலில் இறக்குகிறீர்களா?" என்று கேட்பவருக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

படி 1: யாருக்காக என்று எழுதி, மருத்துவரின் கையொப்பத்தை வாங்குங்கள்

காசு செலவில்லாத படி இது. ஆனால் இதில்லாமல் அடுத்த கதவு திறக்காது.

வடக்கில் புற்றுநோய்ச் சிகிச்சை என்றால் தெல்லிப்பளைதான். அந்த வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவே மக்கள் காசில் எழுந்தது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்து, நாடு முழுவதும் சேர்த்த நிதி அது. இந்த மண்ணில் புற்றுநோய்க்கென்று காசு சேராது என்று யாராவது சொன்னால் அந்தக் கட்டடத்தைக் காட்டுங்கள்.

அங்குள்ள மருத்துவரையும் இயன்மருத்துவரையும் சந்தித்து இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, இந்த முயற்சியை ஆதரிக்கிறோம் என்று ஒரு கடிதம். மற்றது, யார் படகில் ஏறலாம் என்பதற்கான ஒரு பக்கப் படிவம்: காயம் ஆறிவிட்டதா, மருந்து ஏற்றும் குழாய் இன்னும் உடம்பில் இருக்கிறதா, நோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா, கீமோ மருந்து இதயத்தைப் பாதித்ததா. ஒவ்வோர் உறுப்பினருக்கும் அந்தப் படிவம் இருக்கவேண்டும். காப்புறுதி நிறுவனமும் பெரிய நன்கொடையாளரும் அதைக் கேட்பார்கள்.

மார்பகப் புற்றுநோய்க்காரர் மட்டுமா, எல்லோருமா? இலங்கையில் பெண்களுக்கு அதிகம் வருவது மார்பகப் புற்றுநோய், ஆண்களுக்கு வாய்ப் புற்றுநோய். எல்லோரையும், கூடவே பராமரித்த உறவினரையும் சேர்ப்பதுதான் யாழ்ப்பாணத்துக்குச் சரி என்பேன். இங்கே ஒரு நோய்க்கு மட்டும் 20 பேரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆனால் மார்பகப் புற்றுநோய் அணிகளின் சர்வதேச விழாக்களில் அந்த நோயைக் கடந்தவர்கள்தான் அணியாகப் பங்குபற்றலாம். அவர்களின் பட்டியலைத் தனியாக வைத்திருங்கள், பின்னால் உதவும்.

படி 2: துறையையும் துறைக்காரரையும் பாருங்கள்

பண்ணை, குருநகர், பாசையூர், மண்டைதீவுப் பக்கமெல்லாம் பரவைக்கடல். பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். புதியவர்களுக்கு அது நல்லது, வற்று நேரத்தில் படகு சேற்றில் இருந்துவிடுவது கெட்டது. நண்டு வலை, இறால் கூடு, சிறகுவலை, இப்போது கடலட்டைப் பண்ணைகள் என்று தண்ணீருக்குள்ளும் காணி பிரித்தாயிற்று. எந்த வழியால் ஓடலாம் என்பது அந்தத் துறைத் தொழிலாளிக்குத்தான் தெரியும்.

அதனால் முதல் கடிதம் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகட்டும். பிரதேச செயலகம், நீரியல்வளத் திணைக்களம், கடற்படை எல்லாம் அதற்குப் பிறகு, ஆனால் கட்டாயம், எழுத்தில். சங்கத்திடம் வெறுங்கையோடு போகாதீர்கள். துறையைப் பாவிக்க மாதம் ஒரு தொகை, தொழிலை விட்டிருக்கும் ஒரு பழைய ஓட்டிக்கு வேலை என்ற இரண்டையும் முன்வையுங்கள்.

பிறகு ஒரு விடியற்காலையில் உங்கள் உறுப்பினர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இறங்குதுறையில் நில்லுங்கள். கட்டுக்கும் படகின் விளிம்புக்கும் இடையில் முழங்கால் உயரம் இருக்கும். சீமெந்து ஓரத்தில் சிப்பி ஒட்டியிருக்கும். மற்றவர்கள் கையை ஊன்றிக் குதிப்பார்கள். ஒரு பக்கக் கையில் பாரம் கொடுக்கப் பயப்படுகிற, 58 வயதுப் பெண் அப்படி இறங்கமாட்டார். நிணநீர் முடிச்சு எடுத்த கையில் சிப்பி கீறினால் அது சின்னக் காயமும் இல்லை. கிருமி தொற்றினால் ஆஸ்பத்திரிதான். கைபிடி வைத்த மரப்படி ஒன்று வேண்டும். உள்ளூர்த் தச்சர் செய்து தருவார். அதோடு கிட்ட எங்கே கழிவறை, உடுப்பு மாற்ற எங்கே இடம் என்றும் பாருங்கள். தேவாலய மண்டபமோ சங்கக் கட்டடமோ கிடைத்தால் துப்புரவுக் கூலியை நீங்கள் கட்டுங்கள். மரப்படி, துப்புரவுக் கூலி, தண்ணீரில் போடும் சப்பாத்து எல்லாம் செலவுத் தாளுக்குப் போகவேண்டியவை. நேரில் போகாமல் எழுதிய திட்டத்தில் இவை ஒன்றும் இருக்காது.

காற்றையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையோடு போய்விடும். வைகாசி தொடக்கம் சோளகம் பிடித்துக்கொள்ளும், அந்த மாதங்களில் விடிய ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் ஓடினால் உண்டு. மாசி, பங்குனி நல்ல காலம். மொத்தமாக வருடத்தில் 40 கிழமை ஓடலாம் என்று கணக்கு வையுங்கள்.

படி 3: செலவுத் தாள்

ஒரு கொப்பித் தாளை மூன்றாகப் பிரியுங்கள். ஒருமுறைச் செலவு, வருடச் செலவு, கிழமைச் செலவு.

ஒருமுறைச் செலவில் படகு, துடுப்புகள், உயிர்காப்பு அங்கிகள், படகு நிறுத்தும் கொட்டில், மரப்படி. உயிர்காப்பு அங்கியில் மிச்சம் பிடிக்கவேண்டாம். ஆளுக்கேற்ற அளவு வேண்டும், மார்பில் அறுவைச் சிகிச்சை செய்தவருக்கு அது உரசாமலும் இருக்கவேண்டும். வருடச் செலவில் காப்புறுதி, படகுத் திருத்தம், முதலுதவிப் பயிற்சி, கைவீக்கம் உள்ளவர்களுக்குக் கையில் போடும் இறுக்கமான உறை, கணக்காய்வுக் கட்டணம்.

கிழமைச் செலவைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். இது கணக்கைக் காட்டத்தான், உங்கள் ஊர் விலையை நீங்கள் போடுங்கள். 12 பேர், கிழமைக்கு ஒரு நாள், ஆளுக்கு ஓட்டோ போய்வரச் சராசரி 1,000 ரூபா. ஒரு நாளுக்கு 12,000. 40 கிழமைக்கு 4,80,000 ரூபா. தண்ணீரில் துடுப்பு படமுன்னமே இவ்வளவு. அதன் மேல் ஓட்டியின் கூலி, பாதுகாப்புக்குக் கூட வரும் இயந்திரப் படகின் எரிபொருள், துறைக் காசு, தேத்தண்ணி, அவித்த கடலை.

"அவரவர் காசில் வரட்டுமே" என்று குழுவில் ஒருவர் சொல்வார். வேண்டாம். சிகிச்சையில் நகை அடகு வைத்த குடும்பங்கள் இவை. போக்குவரத்தைக் கழகம் பொறுக்காவிட்டால் இரண்டு மாதத்தில் கார் வைத்திருப்பவர்கள்தான் படகில் இருப்பார்கள். ஒரு வானைப் பிடித்து தெல்லிப்பளை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கொக்குவில் என்று காங்கேசன்துறை வீதியால் ஏற்றிக்கொண்டு வந்தால் ஓட்டோவைவிட மலிவாக முடியலாம். தீவுப்பகுதியாருக்கும் வடமராட்சியாருக்கும் வேறு ஏற்பாடு.

கிழமைச் செலவை 40ஆல் பெருக்கி, வருடச் செலவையும் கூட்டி, வரும் தொகையை மறுபடி 40ஆல் பிரியுங்கள். ஒரு சனிக்கிழமை ஓட எவ்வளவு என்று வரும். மொத்தம் 10 லட்சம் என்றால் ஒரு சனிக்கு 25,000. இந்த ஒரு எண்ணை நினைவில் வையுங்கள், படி 5 முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

படி 4: பதிவும் வங்கியும்

சுலபமான வழி, பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் ஊடாக விளையாட்டுக் கழகமாகப் பதிவது. யாப்பு, நிர்வாகக் குழுப் பட்டியல், பொதுக்கூட்ட அறிக்கை தேவைப்படும். கிராம அலுவலரையும் அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நிறுவன நிதிக்குப் போவதென்றால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தன்னார்வ அமைப்பாகவோ, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவோ பதியலாம். ஆனால் முதல் வருடம் அந்தப் பாரம் வேண்டாம் என்பது என் எண்ணம்.

யாப்பில் இரண்டு வரி மறக்காமல் எழுதுங்கள். நிர்வாகத்தில் பாதிக்குக் குறையாதோர் புற்றுநோயைக் கடந்தவர்களாக இருக்கவேண்டும். கழகம் கலைந்தால் படகும் காசும் யாருக்குப் போகும் என்பதும் இருக்கவேண்டும்.

வங்கிக் கணக்கு கழகத்தின் பெயரில். கையொப்பக்காரர் மூவர், எந்த இருவராவது ஒப்பமிட்டால்தான் காசு எடுக்கலாம். தனியாள் கணக்கில் ஒரு ரூபாகூட வாங்காதீர்கள். "உண்டியலில் போட்டு விடுகிறன்" என்று வெளிநாட்டிலிருந்து யாராவது சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு மாற்றுகிற அந்த வழி சட்டத்துக்குப் புறம்பு. அதோடு, கணக்கில் காட்ட முடியாத காசு பிறகு கழகத்தையே கவிழ்க்கும்.

படி 5: சனிக்கிழமை உபயம்

எங்கள் கோயில்களில் திருவிழாவின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயகாரர் இருப்பார். அப்பா செய்ததை மகன் செய்வார், மகன் சுவிஸுக்குப் போனாலும் காசு வரும். ஒருமுறை வாங்கும் நன்கொடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்: உபயம் அடுத்த வருடமும் வரும். இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

வருடத்தின் 40 சனிக்கிழமைகளையும் ஒரு நாட்காட்டியில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கோ கடைக்கோ பழைய மாணவர் குழுவுக்கோ. அம்மாவின் திவசம், பிள்ளையின் முதலாவது பிறந்தநாள், திருமண நாள். அந்தத் திகதிக்குக் கிட்ட வரும் சனியைக் கொடுங்கள். ஞாபகார்த்தமாக இல்லங்களில் ஒரு நேரச் சாப்பாடு கொடுக்கிற பழக்கம் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. அந்தக் காசுக்கு இன்னொரு வாசல் திறக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அன்று காலையில் இறங்குதுறையில் ஒரு கரும்பலகையில் "இன்றைய உபயம்" என்று பெயர் எழுதுங்கள். படகு போகிற படம் ஒன்று, பற்றுச்சீட்டு ஒன்று, அன்று எத்தனை பேர் ஓடினார்கள் என்று இரண்டு வரி. எல்லாவற்றையும் அன்றே வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பிந்தி அனுப்பினால் அதன் ருசி போய்விடும். மழையால் ஓட்டம் நின்றால் அதையும் சொல்லி, வேறு சனி கொடுங்கள். முழுத் தொகை கொடுக்க முடியாதவருக்கு வான் உபயம், தேத்தண்ணி உபயம் என்று பிரிக்கலாம். 26 சனிக்காவது உபயம் கிடைக்குமட்டும் படகுக்கு ஒரு சதம்கூடக் கேட்காதீர்கள்.

சில்லறை வழிகள் பல. ஆடிக்கூழ் விருந்து, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு கடை, பாடசாலை நடைபவனி. நுழைவுச் சீட்டு விற்கிற நிகழ்ச்சி என்றால் கேளிக்கை வரி பற்றி முதலே மாநகர சபையில் கேட்டுவிடுங்கள். இவற்றில் வருகிற காசைவிடப் போகிற உழைப்புக் கூட. வருடத்துக்கு ஒன்று போதும். மதுபான, சிகரெட் கம்பனிகளின் அனுசரணை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படியே தடை; சட்டம் இல்லாவிட்டாலும் இந்தக் கழகத்துக்கு அது ஆகாது. பாக்கு வாய்ப் புற்றுநோயைத் தரும் என்பது தெரிந்த விஷயம், ஆகவே தொடக்க விழாவில் வெற்றிலைத் தட்டத்தையும் தவிர்த்துவிடலாம். கற்கண்டும் பூவும் போதும்.

படி 6: வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள்

ரொறன்ரோவில் இருக்கிற ஊர் ஒன்றியத் தலைவரோடு பேசினால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"பிள்ளை, படகு வாங்கிறதுக்கு எவ்வளவு எண்டு சொல்லுங்கோ, நாங்கள் பாத்துச் செய்யிறம். உந்த வான் காசு, தேத்தண்ணிக் காசெல்லாம் அங்கை நீங்கள் பாருங்கோவன்."

"அண்ணை, படகு வந்து கொட்டிலுக்கை கிடந்தால் உங்கடை பேர்தான் தூசி பிடிக்கும். ரெண்டு வருசம் ஓடுறதுக்கு முதல் வழி பண்ணுவம். படகிலை ஒன்றியத்தின்ரை பேர் கட்டாயம் வரும்."

இதில் பொய் இல்லை, கெஞ்சலும் இல்லை. படகுக்கு ஒரு ரூபா தருபவர், ஓடும் செலவுக்கும் ஒரு பங்கு தரவேண்டும் என்று விதி வைத்துவிடுங்கள். மூன்றில் ஒன்று நியாயமான பங்கு.

பிறகு காசு வரும் வழி. இணையத்தில் நிதி சேர்க்கிற கோபண்ட்மி இலங்கையிலுள்ள வங்கிக் கணக்குக்கு நேரே காசு அனுப்பாது. அந்த நாட்டில் ஒருவர் பெயரில் தொடங்கி, அவர் வங்கி ஊடாக அனுப்பவேண்டும். பிரித்தானியாவில் பதிவுசெய்த அறக்கட்டளை ஒன்றின் ஊடாக வந்தால், வரி கட்டுகிற ஒருவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். கனடாவில் வரிச்சலுகைப் பற்றுச்சீட்டுக் கொடுக்கப் பதிவுபெற்ற அறக்கட்டளையால்தான் முடியும். 2022இல் சட்டம் மாறிய பிறகு, அப்படியான அறக்கட்டளை வெளிநாட்டு அமைப்புக்குக் காசு கொடுப்பது முன்னையைவிடச் சுலபம், ஆனால் அறிக்கைகளை ஒழுங்காகக் கேட்பார்கள். வடக்குக்குப் போகிற காசு என்றால் வங்கியும் இரண்டு கேள்வி கூடக் கேட்கும். ஒரு பக்கக் காரணக் கடிதத்தை முதலே தயாராக வைத்திருங்கள்.

ஆட்கள் ஊருக்கு வருவது ஆடி, ஆவணியில். நல்லூர்த் திருவிழாவும் அப்போதுதான், சோளகமும் அப்போதுதான். "பின்னேரம் வந்து பாக்கிறம்" என்று சொல்பவரை விடிய ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள். வந்தவரைக் கரையில் நிறுத்தி உரை நிகழ்த்தாதீர்கள். துடுப்பைக் கையில் கொடுத்து ஏற்றிவிடுங்கள்.

படி 7: அரசு, ரோட்டரி, தூதரகம்

பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, மாகாண விளையாட்டுத் திணைக்களம், மாநகர சபை, பிரதேச சபை. இவற்றில் உபகரணம் கேளுங்கள், சம்பளம் கேட்காதீர்கள், கிடையாது. உயிர்காப்பு அங்கி, துடுப்பு, கொட்டில் கேட்கலாம். மூன்று விலைமனு இணைத்த விண்ணப்பம்தான் மேசையில் நகரும். உள்ளூராட்சி சபைகள் அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தை மார்கழிக்குள் முடித்துவிடும், ஆகவே உங்கள் கடிதம் புரட்டாதியில் போய்ச் சேரவேண்டும். எந்தக் கட்சிக்காரர் தந்தாலும் படகில் கட்சி நிறம் பூசுவதில்லை என்று யாப்பிலேயே எழுதிவிட்டால் பிறகு முகம் முறிக்கத் தேவையில்லை.

ரோட்டரியின் உலகளாவிய மானியத்துக்கு மொத்தத் திட்டம் குறைந்தது 30,000 அமெரிக்க டொலர் இருக்கவேண்டும். இங்கே ஒரு ரோட்டரிக் கழகம், வெளிநாட்டில் ஒரு ரோட்டரிக் கழகம் இரண்டும் சேர்ந்து கேட்கவேண்டும். முதல் வருடப் படகுக் கழகத்துக்கு அது பெரிது. அதைவிட ரோட்டரியின் மாவட்ட மானியம் பொருத்தம். அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டம், கனடா உயர்ஸ்தானிகராலயத்தின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதி என்பவற்றையும் பார்க்கலாம்.

படி 8: இப்போது படகு

முதல் ஆறு மாதம் படகே வாங்கவேண்டாம். சங்கத்திடம் ஒரு பைபர் படகை வாடகைக்கு எடுத்து, இயந்திரத்தைக் கழற்றிவிட்டுத் துடுப்பு வலித்துப் பழகுங்கள். அகலமான படகு என்பதால் கை எட்டாது, வேகம் வராது. ஆனால் யார் தொடர்ந்து வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

பிறகு வாங்குவதென்றால் 10 பேர் படகையே வாங்குங்கள். 20 பேர் படகு 12 மீற்றருக்கு மேல் நீளம், கிட்டத்தட்ட 250 கிலோ பாரம். கரைக்கு இழுக்கவே ஒரு பட்டாளம் வேண்டும். 40 அடிக் கொள்கலனின் உள்நீளம் 12 மீற்றரைக் கொஞ்சம்தான் தாண்டும். அதனால் முழுப் படகு அதற்குள் நேரே நுழையாது, துண்டுகளாகக் கழற்றும் வகையைத் தேடவேண்டிவரும். விலையோடு கப்பல் கூலி, சுங்க வரி, கொழும்பிலிருந்து லொறி என்று எல்லாவற்றையும் கூட்டுங்கள். வரிவிலக்கு உறுதியாகக் கையில் வருமட்டும், அது இல்லை என்றே கணக்குப் போடுங்கள்.

மற்ற வழி உள்ளூரில் கட்டுவிப்பது. காரைநகரில் சீநோர் படகு கட்டும் தளம் தொடங்கிய காலத்திலிருந்தே பைபர் படகு கட்டுகிற கைகள் யாழ்ப்பாணத்தில் உண்டு. ஒழுங்கான வரைபடம் கொடுத்து, மூழ்காமல் மிதக்கும் அடைப்புகளையும் வைத்துக் கட்டுவிக்கலாம். போட்டிக்கு ஏற்காது என்றாலும் சனிக்கிழமைகளுக்கு நன்றாக உதவும், உடைந்தால் கட்டியவரே வந்து பூசுவார். நான் இதைத்தான் தெரிவுசெய்வேன்.

படங்கள் பற்றி ஒரு விதி

காசு கொடுப்பவர் முகம் பார்க்க விரும்புவார். ஆனால் இன்னும் பல வீடுகளில் "அந்த வருத்தம்" என்றுதான் சொல்கிறார்கள். மகளுக்குக் கலியாணம் பேசுகிற நேரத்தில் தாயின் படம் முகநூலில் வந்தால் அந்தத் தாய் அடுத்த சனி வரமாட்டார். ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், சம்மதிக்காதவருக்காகப் பின்பக்கத்திலிருந்து படம் எடுங்கள். எந்த நன்கொடையும் இந்த விதியைத் தளர்த்தக் காரணம் ஆகாது.

கணக்கும் இரண்டாம் வருடமும்

மாதம் ஒரு பக்கம்: வந்தது, போனது, மிச்சம். இறங்குதுறைப் பலகையிலும் உபயகாரர் குழுவிலும் போடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, நிர்வாகத்தில் யாருக்கும் உறவில்லாத ஒரு கணக்காளரிடம் பார்க்கக் கொடுங்கள். ஊரில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலைதான்.

இரண்டாம் வருடத்தில் படகே கொஞ்சம் உழைக்கலாம். வங்கிக் கிளைகள், தனியார் கல்வி நிலையங்கள், பழைய மாணவர் சங்கங்களுக்கு ஞாயிறு காலையில் அணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்து ஓடக் கொடுக்கலாம். ஓட்டியும் பாதுகாப்புப் படகும் உங்களுடையதாகவே இருக்கட்டும். அந்தக் காசில் ஒரு பங்கை உயிர்காப்பு அங்கிகளை மாற்றுவதற்கென்று ஒதுக்கி வையுங்கள். உப்பும் வெயிலும் பட்ட அங்கி வெளியே புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே தையல் விட்டிருக்கும்; ஒவ்வொரு தை மாதமும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.